வரைபடத்தில் இல்லாத சேரி: ஜி.ஐ.எஸ். உயர்கல்வியும் மொரப்பூரில் செய்ய வேண்டிய ஆய்வும்

தருமபுரி மாவட்டத்தைக் களமாகக் கொண்ட ஜி.ஐ.எஸ். ஆய்வேடுகளில் அடிக்கடி எதிர்ப்படும் பொருள், நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு. இதற்குக் காரணம் உண்டு. இம்மாவட்டத்தின் கடினப் பாறைகளிலிருந்து நீரில் கரையும் ஃபுளோரைடு, தலைமுறை தலைமுறையாக மக்களின் பற்களையும் எலும்புகளையும் பாதித்து வந்துள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்திருக்கிறது. முதுநிலை மாணவர் ஒருவர் சில பத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர் எடுத்து ஆய்வகத்தில் அளக்கிறார்; அக்கிணறுகளைக் கணினித் திரையில் புள்ளிகளாக இடுகிறார்; புள்ளிகளுக்கு இடைப்பட்ட நிலப்பரப்பின் மதிப்பைக் கணித முறையில் ஊகித்து, மாவட்டம் முழுவதையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் பிரிக்கிறார். பட்டமும் கிடைக்கிறது.

அந்த வரைபடத்தில் பிழை ஏதும் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் மொரப்பூர் ஒன்றியத்துச் சேரி ஒன்றில் வாழும் பெண் இன்று காலை எந்தத் தண்ணீரைப் பிடித்தார் என்ற கேள்விக்கு அதில் விடை கிடைப்பதில்லை. ஏனெனில் இன்று குடிநீர் என்பது வீட்டுக்குக் கீழேயுள்ள பாறையிலிருந்து மட்டும் வருவதில்லை. ஜப்பானியக் கடனுதவியுடன், 1,900 கோடி ரூபாய்க்கும் மேலான மதிப்பீட்டில் நிறைவேற்றப்பட்டு 2013-ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவருகிறது. ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்பது அத்திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. அந்த நீர் மேல்நிலைத் தொட்டி வரை வருவது பொறியியல். தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் திறந்துவிடப்படுகிறது என்பதும், காவிரி நீர் போதாத நாள்களில் உள்ளூர் ஆழ்துளை நீர் எந்தத் தொட்டியில் கலக்கப்படுகிறது என்பதும் ஊராட்சி நிர்வாகம். அங்குதான் சாதி வேலை செய்கிறது. நிறம் தீட்டிய மாவட்ட வரைபடம் அந்த வாசலுக்கு முன்பே நின்றுவிடுகிறது.

ஜி.ஐ.எஸ். எனப்படும் புவித்தகவல் அமைப்பைப் பற்றி நம் கல்லூரி மாணவர்களும் களச் செயற்பாட்டாளர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம். இது வேலைவாய்ப்புள்ள துறை என்பது உண்மை. அதைவிட முக்கியமானது, ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் நிலத்தை அளந்து எழுத இன்று கைக்கு எட்டும் கருவிகளில் வலுவானது இது என்பதாகும்.

வருவாய்க் கிராமம் என்னும் திரை

புவித்தகவல் அமைப்பின் அடிப்படை எளியது. ஓர் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் நிலத்தின் ஓர் இடத்தோடு பிணைக்கப்படுகிறது. சாலை ஓர் அடுக்கு, நீர்நிலை ஓர் அடுக்கு, பள்ளிகள் ஓர் அடுக்கு, மக்கள்தொகை ஓர் அடுக்கு என ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடலாம். கணக்கின் தரம் ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது: நம் அட்டவணையின் ஒரு வரி எந்த இடத்தைக் குறிக்கிறது?

தமிழ்நாட்டு நாட்டுப்புறத்தைப் பொறுத்தவரை, எல்லைக்கோட்டுடன் எளிதில் கிடைக்கும் மிகச் சிறிய அலகு வருவாய்க் கிராமம். இந்த அலகு உருவான வரலாறு வரி வசூலின் வரலாறு. இந்திய நில அளவைத் துறை 1767-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் தொடங்கப்பட்டது. இன்று புவித்தகவலியல் கற்பிக்கும் கிண்டி பொறியியல் கல்லூரியின் வேரும் 1794-இல் கம்பெனி சென்னையில் திறந்த நில அளவைப் பள்ளியில்தான் இருக்கிறது. 1802-இல் பரங்கிமலையருகே லாம்டன் அடிக்கோடு அளந்து மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். யார் எந்த வயலுக்கு எவ்வளவு தீர்வை கட்ட வேண்டும் என்று அறிவதற்காக வகுக்கப்பட்ட கிராம எல்லைக்குள் ஊரும், சேரியும், தருமபுரிப் பக்கத்தில் வயல்காட்டுக் குடியிருப்புகளைக் குறிக்கும் கொட்டாய்களும் ஒன்றாகக் கட்டப்பட்டன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதே எல்லையைத்தான் பின்பற்றுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 16 விழுக்காடு. ஒவ்வொரு கிராமத்துக்கும் இதே எண்ணிக்கையை எடுக்கலாம். அவர்கள் அந்தக் கிராமத்தின் எந்த மூலையில் வாழ்கிறார்கள் என்பதை மட்டும் எடுக்க முடியாது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கிராமத்தைக் கொண்டு பார்ப்போம். மொத்தம் 400 வீடுகள். ஊரில் 300, சேரியில் 100. ஊரில் 285 வீடுகளுக்குக் குழாய் இணைப்பு இருக்கிறது, சேரியில் 35 வீடுகளுக்கு. கிராமத்தின் கணக்கு 400-க்கு 320, அதாவது 80 விழுக்காடு. மாவட்ட வரைபடத்தில் இக்கிராமம் பச்சை நிறம் பெறும். ஊரில் 95 விழுக்காடும் சேரியில் 35 விழுக்காடும் என்ற உண்மை அப்பச்சைக்குள் மறைந்துபோகும். இன்னும் மோசமான ஒன்றும் நேரலாம். ஒன்றியத்தின் எல்லாக் கிராமங்களையும் எடுத்து, பட்டியல் சாதியினரின் விழுக்காட்டையும் குழாய் இணைப்பின் விழுக்காட்டையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று ஒரு மாணவர் எழுதக்கூடும். பாகுபாடு கிராமங்களுக்கு இடையே அல்லாமல் ஒவ்வொரு கிராமத்துக்கு உள்ளேயும் நடக்கும்போது, புள்ளியியல் அப்படித்தான் காட்டும். பாகுபாடு இல்லை என்பதற்கு அந்த ஆய்வேடு சான்றாகவும் மேற்கோள் காட்டப்படும்.

பரப்பலகை மாற்றினால் முடிவும் மாறும் என்ற இச்சிக்கல் புவியியல் பாடத்திட்டத்தில் இருக்கிறது. 1980-களில் ஸ்டான் ஓபன்ஷா விரிவாக எழுதியதைத் தேர்வுக்காக எல்லோரும் படிக்கிறார்கள். அதற்கு ஊர்–சேரிப் பிரிவினையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறெதுவும் இருக்க முடியாது. இந்தியாவின் ஊரகமும் நகரமும் சேர்ந்த 15 இலட்சம் சிறு குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே உறுதிசெய்தது. அஞ்சலி அடூகியா, சாம் ஆஷர், பால் நொவோசாட் உள்ளிட்டோர் செய்த அந்த ஆய்வின்படி, பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் ஒதுக்கப்பட்டு வாழும் அளவு, அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டிருக்கும் அளவைவிடச் சற்றே குறைவு. நகரங்களுக்குள் அவர்கள் வாழும் பகுதிகளில் பொது வசதிகளும் குறைவு. வழக்கமாகக் கொள்கை வகுப்பாளர்கள் கையாளும் மொத்தத் தரவில் இந்த ஏற்றத்தாழ்வு தென்படுவதில்லை என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த நவீன் பாரதி, தீபக் மல்கான் ஆகியோரும் ஆந்தலீப் ரஹ்மானும் இந்தியப் பெருநகரங்களைப் பற்றி 2018-இல் வெளியிட்ட ஆய்வும் இத்திசையிலானதே.

நீதிமன்றத்தில் ஒரு வரைபடம்

சிறு அலகில் வரையப்பட்ட வரைபடம் என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. சேன்ஸ்வில் நகரத்தை ஒட்டிய கோல் ரன் சாலைப் பகுதியில் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்தனர். அவர்களுக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் ஏறத்தாழ 50 ஆண்டுகள் மறுக்கப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்களால் கிணற்று நீர் கெட்டுப்போயிருந்ததால் மழைநீரைத் தேக்கியும், தொலைவிலிருந்து வண்டியில் கொண்டுவந்தும் காலம் தள்ளினர். அருகிலிருந்த வெள்ளையர் வீடுகளுக்குக் குழாய் நீண்டிருந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றபோது, எந்த வீட்டுக்கு இணைப்பு இருக்கிறது என்ற அடுக்கையும், அந்த வீட்டில் வாழ்வோர் எந்த இனத்தவர் என்ற அடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த புவித்தகவல் வரைபடம் முக்கியச் சான்றாக அமைந்தது. 2008 ஜூலையில் 67 பேருக்கு ஏறத்தாழ 1.1 கோடி டாலர் இழப்பீடு வழங்க நடுவர் குழு தீர்ப்பளித்தது.

அந்த வரைபடத்துக்குத் தேவைப்பட்டவை இரண்டு அடுக்குகள் மட்டுமே. பெரிய கணிதம் எதுவும் அதில் இல்லை. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன், டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாம் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டி, வீடுகளை நிறம் பிரித்து வரைந்து 1899-இல் நூலாக்கினார். கணினி என்ற சொல்லுக்கே இன்றைய பொருள் இல்லாத காலம் அது.

எங்கே, எப்படிப் படிப்பது

இத்துறைக்குள் நுழைய இரண்டு வழிகள் உள்ளன. பொறியியல் வழியில், கிண்டி வளாகத்தின் தொலையுணர்வு நிறுவனத்தில் அண்ணா பல்கலைக்கழகம் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. புவித்தகவலியலில் இளநிலைப் பொறியியலும் அங்கே உண்டு. கேட் தேர்வில் 2022 முதல் புவித்தகவலியலுக்குத் தனித்தாள் இருக்கிறது. கலை, அறிவியல் வழியில் வருவோருக்குப் புவியியலோ நிலவியலோ அடிப்படை. மொரப்பூர் மாணவருக்குச் சேலம் ரயில் வழியில் பக்கம். அங்குள்ள அரசு கலைக் கல்லூரியில் புவியியல் படித்துவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்திலோ திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலோ முதுநிலை தொடரலாம். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையும் இப்பாதையில் உண்டு. டேராடூனில் 1966-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், 2007 முதல் தொலைவழிப் பயிற்சிகளையும் நடத்திவருகிறது. கட்டணமில்லாத அதன் இணையவழிப் படிப்புகளைக் கல்லூரி மாணவர்கள் சான்றிதழோடு முடிக்கலாம். வெளியூரில் தங்கிப் படிக்க வழியில்லாதவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

முனைவர் பட்டத்துக்குச் செல்வோர்க்கு, நெட் தேர்வின் அடிப்படையில் பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கான ஒன்றிய அரசின் உதவித்தொகையில் ஒரு முள் இருப்பதை மட்டும் முன்னமே அறிந்திருக்க வேண்டும். 2022–23-க்கான நெறிமுறைகளில், இந்தியாவைக் களமாகக் கொண்ட பண்பாடு, மரபு, வரலாறு, சமூக ஆய்வு ஆகிய பொருள்கள் விலக்கப்பட்டன. அதாவது, தருமபுரியின் நிலத்தடி நீரை வெளிநாட்டில் ஆராயலாம். அந்த நீர் யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஆராய்ந்தால் அது சமூக ஆய்வாகி, உதவித்தொகை மறுக்கப்படக்கூடும். இந்த விலக்கை அன்றே பலரும் கண்டித்தனர். உள்நாட்டிலும் இதன் மெல்லிய வடிவம் இருக்கிறது. ஆய்வுத் தலைப்பில் சாதி என்ற சொல் வந்தால், 'இது சமூகவியல் துறைக்குரியது' என்று திருப்பிவிடுவது எளிது. குடிநீர்ப் பகிர்வுச் சமத்துவம், வசதிகளுக்கான அணுக்கம் என்ற தலைப்பில் அதே ஆய்வைச் செய்ய முடியும். அளவைகள் உள்ளே சேரியின் பெயரைச் சொல்லிக்கொள்ளும். இதை நாம் சமரசமாகக் கருதவில்லை.

பட்டம் இல்லாமலும் செய்யலாம்

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுக்குப் பல்கலைக்கழகம் கட்டாயமில்லை. விலையுயர்ந்த வணிக மென்பொருள்கள்தான் இத்துறை என்ற நிலை மாறி வெகுகாலம் ஆகிறது. 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய க்யூஜிஐஎஸ் என்ற கட்டற்ற மென்பொருள், ஆய்வாளர் ஒருவருக்குத் தேவைப்படும் ஏறத்தாழ எல்லாவற்றையும் செய்கிறது. சாதாரண மடிக்கணினியில் இயங்கும். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். 1970-கள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில், சில நாள்களுக்கொருமுறை, 2015 முதல் கிடைக்கின்றன. ஏரி ஆக்கிரமிப்பையும் மேய்ச்சல் நிலம் வேலியடைக்கப்படுவதையும் காண இவை போதும். இஸ்ரோவின் புவன் தளம் 2009-இல் வந்தது.

சட்டத் தடையும் தளர்ந்துவிட்டது. 2016-இல் வெளியான ஒரு சட்ட வரைவு, உரிமமில்லாமல் புவித்தகவல் திரட்டுவோருக்கு 100 கோடி ரூபாய் வரை தண்டமும் 7 ஆண்டு வரை சிறையும் என்று மிரட்டியது. அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இந்தியக் குடிமக்கள் வரைபடம் தயாரிக்கவும் வெளியிடவும் முன் அனுமதி பெறத் தேவையில்லை. பாதுகாப்பு தொடர்பான சில விவரங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு தொடர்கிறது. இத்தளர்வு பெருநிறுவனங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதுதான். ஆயினும் அதே கதவு நமக்கும் திறந்திருக்கிறது.

மொரப்பூர் ஒன்றியத்தில் ஒரு மாணவர் குழு குடிநீரை ஆராய்வதாகக் கொள்வோம். முதல் வேலை, எங்கும் கிடைக்காத அடுக்கை உருவாக்குவது: ஒவ்வொரு ஊராட்சியிலும் ஊர், சேரி, கொட்டாய் ஆகியவற்றின் எல்லைகள். செயற்கைக்கோள் படத்தில் கூரைகளைப் பார்த்து எல்லையை வரையலாம். எது சேரி என்பதைப் படம் சொல்லாது, நடந்துபோய்க் கேட்க வேண்டும். வருவாய்த் துறையின் பழைய 'அ' பதிவேட்டில் கிராம நத்தம் வேறாகவும் சேரி நத்தம் வேறாகவும் எழுதப்பட்டிருப்பதுண்டு. தீண்டாமையைக் காகிதத்தில் கவனமாகப் பதிவுசெய்த அரசு, கணினிக்கு மாறியபோது இரண்டையும் ஒரே நிறத்தில் தீட்டிவிட்டது. ஒன்றிய அரசின் குடிநீர்த் திட்டத் தரவுத்தளத்தில் குக்கிராமம் வாரியான கணக்கும் கிடைக்கிறது. எல்லைக்கோடு அதில் இல்லை. பெயரை வைத்து நம் அடுக்கோடு இணைக்க வேண்டும்.

அடுத்து மேல்நிலைத் தொட்டிகள், தெருக்குழாய்கள், வால்வுகள் ஆகியவற்றின் இருப்பிடம். கைப்பேசியின் ஜி.பி.எஸ். திறந்த வெளியில் 5 மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும்; இவ்வேலைக்கு அது போதுமானது. தொட்டிக்கும் கடைசிக் குழாய்க்கும் உள்ள உயர வேறுபாட்டைக் கணக்கிட இலவச உயர வரைபடங்களை மட்டும் நம்பக் கூடாது. அவற்றில் சில மீட்டர்கள் பிழை இருக்கும், நம் கேள்வியோ ஓரிரு மீட்டரைப் பற்றியது. அதைவிட நம்பகமான அளவுகோல் ஒரு குடமும் ஒரு கடிகாரமும். 15 லிட்டர் குடம் ஊர்த் தெருவில் 40 நொடியிலும், சேரியின் கடைசிக் குழாயில் இரண்டரை நிமிடத்திலும் நிரம்புவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் நீர் வந்து, ஒவ்வொரு குழாயையும் 20 குடும்பங்கள் நம்பியிருந்தால், ஊரில் ஒரு குடும்பத்துக்கு 67.5 லிட்டர், சேரியில் 18 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் வாக்களிக்கும் அளவு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். குழாய் எண்ணிக்கையை மட்டும் எண்ணும் அதிகாரி, இரு தெருக்களிலும் குழாய் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். இவ்வளவையும் ஒரு வாரம், காலை மாலை இரு வேளை, எல்லாக் குழாய்களிலும் அளக்க வேண்டும். ஒருநாள் அளவை ஒருநாள் பழுது என்று தள்ளிவிடலாம். கூடவே ஒவ்வொரு தொட்டி நீரிலும் ஃபுளோரைடை அளந்தால், கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நிறம் தீட்டிய வரைபடம் அப்போதுதான் மனிதர்களின் உடலோடு தொடர்புறும். எந்தத் தொட்டி யாருக்கு என்ற விவரம் எவ்வளவு கனமானது என்பதை 2022 டிசம்பரில் வேங்கைவயல் நாட்டுக்கே காட்டியது.

நிலத்தைப் பற்றிய ஆய்வு இதைவிடக் கடினம். செங்கல்பட்டில் ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. 12 இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக வழக்கமாகக் கூறப்படுகிறது. முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்நிலங்களின் பெரும்பகுதி கைமாறியது. மீட்கப் போராடிய இடத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இரு தோழர்கள் காரணையில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது, அனுபவத்தில் இருந்தவர் பெயருக்குப் பட்டா மாறி, நிபந்தனைக் குறிப்பே மறைந்த நேர்வுகள் ஏராளம் என்பது நில மீட்பு இயக்கங்களின் நெடுநாளைய குற்றச்சாட்டு.

இங்கே புவித்தகவல் அமைப்பு செய்யக்கூடியது ஒப்பீடு. 1979-க்கு முந்தைய 'அ' பதிவேட்டில் நிபந்தனைப் பட்டா என்று குறிக்கப்பட்ட புல எண்களை எடுத்து, அவை இன்று எந்தெந்த உட்பிரிவுகளாக, யார் பெயரில் உள்ளன என்பதை அரசின் இணையச் சேவையில் பார்த்து, கிராம வரைபடத்தின்மீது இடலாம். தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி; ஆகவே பழைய ஆவணங்களைச் சேலத்தின் பெயரில் தேட வேண்டும். கிடைக்காதவற்றை, 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், நகலாகவோ நேரில் பார்வையிடவோ கேட்கலாம்; 30 நாளில் விடை தர வேண்டும். ஓர் எச்சரிக்கை: கைப்பேசியில் எடுத்த புள்ளிகளைக் கொண்டு, இன்னார் வயலில் இத்தனை சென்ட் பஞ்சமி நிலம் என்று எழுதக் கூடாது. 5 மீட்டர் பிழை என்பது ஒரு வரப்புத் தகராறுக்குப் போதும். எல்லையை உறுதிசெய்வது புலப்பட நூலை வைத்து நில அளவர் செய்ய வேண்டிய வேலை. நம் வரைபடம், எந்தப் புல எண்களை அளக்கச் சொல்லிக் கோர வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

சுடுகாட்டுப் பாதை, பள்ளிக்குச் செல்லும் வழி, ரேஷன் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் உள்ள நடைத்தூரம் ஆகியவற்றையும் இவ்வாறே அளக்கலாம். நேர்க்கோட்டுத் தூரத்தை எடுக்காமல், சேரி மக்கள் உண்மையில் நடக்கும் பாதையை எடுக்க வேண்டும். ஊர்த்தெரு வழியே போனால் 400 மீட்டர், சுற்றிப் போனால் ஒன்றேகால் கிலோமீட்டர் என்ற வேறுபாடு, எந்தக் கணினியும் தானாகக் கண்டுபிடிக்காத ஒன்று.

வரைபடம் யார் கையில்

2012 நவம்பர் 7 அன்று, இதே மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. இளவரசன்–திவ்யா திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தருமபுரியில் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். யார் வீடு எது என்று தாக்க வந்தவர்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. இருந்தபோதிலும், வீட்டுக்கு வீடு சாதி குறித்த ஒரு கோப்பைப் பொதுவெளியில் வைப்பது, ஊருக்கு மட்டும் தெரிந்ததை உலகத்துக்குத் தெரிவிப்பதாகும். வீட்டு அளவில் திரட்டினாலும் குடியிருப்பு அளவில் கூட்டியே வெளியிட வேண்டும். சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களின் வீடுகளைக் குறிப்பேட்டில்கூடத் தனியே அடையாளமிடக் கூடாது. நிலம் குறித்த விவரங்களை, போராட்டத்தை நடத்தும் மக்களின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவது அவர்களைத் தனியே நிறுத்துவதில் முடியும்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போன்ற பொது வரைபடத்தில் குடியிருப்பின் பெயரை இடும்போது, அங்கு வாழ்வோர் சொல்லும் பெயரையே இட வேண்டும். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். இழிவின் அடையாளமாகிப்போன சொல் ஒழிவது வரவேற்கத்தக்கதே. அதோடு ஆய்வாளர் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இதுவரை அரசுப் பட்டியல்களில் எந்தக் குடியிருப்பு சேரி என்பதைக் கண்டறிய அந்தப் பின்னொட்டே துணையாக இருந்தது. இனி பெயர்கள் மாறும். தொட்டியும் வால்வும் பழைய இடத்திலேயே இருக்கும். பெயர் மாறுவதற்கு முன்னும் பின்னும் உள்ள பட்டியல்களை இப்போதே இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டையும் இணைக்கும் ஓர் அட்டவணையை ஒன்றியம் வாரியாகத் தயாரிப்பது, ஓரிரு மாணவர்கள் கோடை விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை. பின்வரும் பல ஆண்டுகளின் ஆய்வு அந்த ஓர் அட்டவணையை நம்பியிருக்கும்.

முடிந்த வரைபடத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அந்தக் குடியிருப்பின் பெண்கள். எந்தக் குழாயில் காற்று மட்டும் வருகிறது, எந்த வால்வு எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்பதைத் திருத்துபவர்கள் அவர்களே. திருத்திய படியைப் பெரிய தாளில் அச்சிட்டு, கிராம சபைக்குக் கொண்டுசெல்லலாம். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் ஆறு நாள்களுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று, சேரியின் கடைசிக் குழாயில் ஒரு குடம் நிரம்ப ஆகும் நேரத்தை ஊரின் முதல் குழாயோடு ஒப்பிட்டு, வரைபடத்தை இணைப்பாகக் கொண்ட தீர்மானம் ஒன்றை எழுத்தில் கொடுத்து, அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதற்கான நகலை ஊராட்சிச் செயலரிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.